சித்திரக்கதை ஆற்றுப்படை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

தென்னை வளர்க்கும் ஊருக்குப் பத்தாண்டின் பொருளை எடுத்துரைக்க வேண்டியதில்லை. நட்ட கன்று வேர் பிடித்து, பாளை விட்டு, குலை தள்ளி, வீட்டுக்குப் பயன்தரும் மரமாகிவிடும் காலம் அது. 2018 நவம்பரில் வீசிய கஜா புயலில் தோப்புகள் சாய்ந்தபோது மீண்டும் கன்று நட்டவர்கள் இந்த அவையிலும் இருக்கிறார்கள். ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிலைத்திருப்பதும் அத்தகைய உழைப்பின் விளைவே. கவிதை, சிறுகதை, நாவல், திறனாய்வு எனப் பல துறைகளையும் தொட்டுப் பேசும் இலக்கிய மேடைகள் வாசல் வரை வரவேற்று உள்ளே அழைக்காத விருந்தினர் ஒருவர் உண்டு. அவர் பெயர் சித்திரக்கதை. மக்கள் வழக்கில் காமிக்ஸ்.

'கவிஞர்கள் கூடும் அவையில் காமிக்ஸ் பற்றி என்ன பேச்சு?' என்று சிலருக்குத் தோன்றலாம். வினா நியாயமானது. அதற்கு விடை சொல்வதும், புதிதாக வெளிவரும் சித்திரக்கதை நூல்களை வாசகருக்குப் பரிந்துரைக்கும் பணி எவ்வாறு அமைய வேண்டும் என ஆராய்வதும் இவ்வுரையின் நோக்கமாகும்.

மண்ணுக்கு உரியதா, மாற்றார் தந்ததா?

சித்திரக்கதை மேனாட்டு இறக்குமதி என்பது பொதுவான எண்ணம். கட்டம் கட்டமாக வரைந்து, பேசுவோர் வாயருகே குமிழியிட்டு எழுதும் இன்றைய வடிவம் மேனாட்டு இதழ்களில் வளர்ந்தது என்பது உண்மையே. ஆயினும் தொடர் ஓவியங்களால் கதை சொல்வதும், ஓவியத்தோடு எழுத்தைச் சேர்ப்பதும் காவிரி நாட்டுக்குப் புதியன அல்ல.

தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றுச் சுவரில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் மறைந்து கிடந்த சோழர் ஓவியங்களை 1931-ஆம் ஆண்டில் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அவற்றுள் சுந்தரர் வரலாறு தொடர் காட்சிகளாக அமைந்துள்ளது. முதியவர் ஓலையோடு வந்து மணத்தைத் தடுப்பது ஒரு காட்சி. சுந்தரர் வெள்ளை யானைமீதும் சேரமான் பெருமாள் குதிரைமீதும் கயிலைக்குச் செல்வது மற்றொரு காட்சி. காண்பவர் கண், காலத்தைக் கடந்து ஒரு நிகழ்ச்சியிலிருந்து அடுத்ததற்குச் செல்கிறது.

இரண்டாம் இராசராசன் எழுப்பிய தாராசுரம் கோயிலில் நாயன்மார் வரலாறுகள் சிறு சிறு சிற்பக் கட்டங்களாகச் செதுக்கப்பட்டு, அடியார் இன்னார் என்பது எழுத்தாலும் பொறிக்கப்பட்டுள்ளது. திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்து விதானத்தில் முசுகுந்தன் கதை வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டு, ஒவ்வொரு காட்சிக்கும் தமிழில் விளக்கம் எழுதப்பட்டிருக்கிறது. வரைந்த ஓவியர் சிங்காதனத்தின் பெயரும் அங்கு இடம்பெற்றுள்ளது. கட்டம் உண்டு, வரிசை உண்டு, எழுத்து உண்டு, படைத்தவர் பெயரும் உண்டு. சித்திரக்கதைக்கு வேண்டிய உறுப்புகளுள் பேச்சுக் குமிழி ஒன்றே குறை.

எனவே சித்திரக்கதையைப் படிக்கும் சிறுவனைப் பார்த்து, 'படம் பார்த்துப் பொழுதைக் கெடுக்கிறான்' என்று கடிவது, திருவாரூர் மண்டபத்தில் அண்ணாந்து நின்ற நம் முன்னோரையும் கடிந்ததாகும்.

சிவகாசி தந்த செல்வம்

தமிழில் சித்திரக்கதை வளர்ந்த வரலாற்றை இங்கு விரித்துரைக்கக் காலம் இடந்தராது. தினத்தந்தியில் பல்லாயிரம் நாள் தொடர்ந்த கன்னித்தீவு, வார இதழ்களில் வந்த படக்கதைகள், சிறுவர் இதழ்களில் வாண்டுமாமா ஆற்றிய பணி ஆகியவற்றை நன்றியோடு நினைந்து, நூல் வடிவக் காமிக்ஸுக்கு வருவோம்.

வெடியும் தீப்பெட்டியும் நாட்காட்டியும் தந்த சிவகாசியிலிருந்து 1972-ஆம் ஆண்டில் சௌந்தரபாண்டியனின் முயற்சியால் முத்து காமிக்ஸ் பிறந்தது. முதல் வெளியீடு 'இரும்புக்கை மாயாவி'. ஆய்வுக்கூட விபத்தில் ஒரு கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்ட ஒருவன், மின்சாரம் பாய்ந்தவுடன் உடல் மறைந்து கை மட்டும் தெரிய உலவும் கதை அது. 1962-ஆம் ஆண்டில் 'வேலியன்ட்' என்ற பிரித்தானிய வார இதழில் தோன்றியது. ஓவியர் ஸ்பெயின் நாட்டவரான ஜீசஸ் பிளாஸ்கோ. ஆங்கில மூலத்தில் 'எஃகு நகம்' எனப் பொருள்படும் தலைப்பு, தமிழில் 'இரும்புக்கை மாயாவி' ஆயிற்று. கருவியின் பெயராக இருந்த தலைப்பு மனிதனின் பெயராக மாறியது. அந்த மாற்றத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளரின் கவியுள்ளம் புலப்படுகிறது.

1984-ஆம் ஆண்டில் இருபெரும் நிகழ்ச்சிகள் நேர்ந்தன. சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன், இருபது வயதும் நிரம்பாத பருவத்தில், லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே தினத்தந்திக் குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸ் வெளிவந்தது. ஒன்றரை ரூபாய்க்கு ஒரு முழுக்கதை! பேருந்து நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்கிய அவ்விதழ்கள் சிற்றூர்ச் சிறுவர்களுக்கு உலகைத் திறந்துவிட்டன. ராணி காமிக்ஸ் ஐந்நூறு இதழ்களோடு 2005-ஆம் ஆண்டில் நின்றது. அதற்கு முன்னரே 1990-இல் இந்திரஜால் காமிக்ஸ் நின்றுவிட்டது. பூந்தளிரும் இன்று இல்லை. லயனும் முத்துவும் இடையிடையே தளர்ந்தன, தாமதித்தன, ஆனால் அற்றுப்போகவில்லை. 2012-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 'கம்பேக் ஸ்பெஷல்' என்னும் தொகுப்போடு அவை புத்துயிர் பெற்றன. வழவழப்பான தாளில், முழு வண்ணத்தில், பிரெஞ்சு, பெல்சிய, இத்தாலியப் படைப்புகள் முறையான உரிமையோடு தமிழில் வரலாயின. 2022-இல் முத்து காமிக்ஸ் ஐம்பதாண்டைத் தொட்டது.

இவ்வளவு இருந்தும் இன்று ஒரு சிக்கல் உண்டு. கடைக்கயிற்றில் தொங்கிய இதழ், தானே தன்னைப் பரிந்துரைத்துக்கொண்டது. வழியில் போகிறவர் கண்ணில் பட்டது. கையில் இருந்த காசுக்குக் கிடைத்தது. இன்றைய நூல்கள் பெரும்பாலும் சந்தாதாரரின் வீட்டுக்கு அஞ்சலிலும் தனியார் தூதஞ்சலிலும் செல்கின்றன. புத்தகக் கண்காட்சிகளில் விற்கப்படுகின்றன. அறிந்தவர் வாங்குவர்; அறியாதவர் அறியாதவராகவே இருப்பர். ஆகவே பரிந்துரைப்பவரின் தேவை முன் எப்போதையும்விட இன்று மிகுதி. கல்லணைக் கால்வாயின் கடைமடையில் வாழும் நமக்கு இது எளிதில் விளங்கும். மேட்டூரில் மதகு திறந்த செய்தி நாளிதழில் வந்துவிடும். நீர் வந்து சேரப் பல நாள் ஆகும். சிவகாசியில் நூல் அச்சாகிவிட்டது என்பதால் பேராவூரணிச் சிறுவன் கையில் அது இருக்கிறது என்று பொருளில்லை.

பரிந்துரைப்பது ஒரு தமிழ் மரபு

பரிந்துரைத்தல் விளம்பரத்தின் வேலை எனக் கருதுவோர், பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், எதிரே வறுமையோடு வரும் மற்றொரு கலைஞனைக் கண்டு, 'நான் பெற்றதை நீயும் பெறுக' என வழிகாட்டுவது அவற்றுள் பலவற்றின் அமைப்பு. கல்லணையோடு பெயர் சேர்த்துப் பேசப்படும் கரிகாலனைப் பாடிய பொருநராற்றுப்படை நம் காவிரி நாட்டின் சொத்து.

ஆற்றுப்படைகளில் நான்கு செய்திகளைப் பொதுவாகக் காணலாம்: செல்லும் வழி, வழியின் இடர், பெறும் விருந்து, கொடுப்போன் பெருமை. புதிய நூலைப் பரிந்துரைப்பவரும் இந்நான்கையும் சொல்லக் கடமைப்பட்டவர். இன்றைய பரிந்துரைகள் பலவும் விருந்தை மட்டும் புகழ்ந்து ஏனைய மூன்றையும் விட்டுவிடுகின்றன. 'அருமை, அட்டகாசம், தவறவிடாதீர்கள்' என்று எல்லா நூலுக்கும் ஒரே பாராட்டை வழங்குபவரின் சொல்லை மூன்றாம் முறை யாரும் நம்புவதில்லை.

வழி

முதலாவது, வழி. சித்திரக்கதை வாசகர் மூவகையினர்: சிறுவர், பழைய இரசிகர், புதிதாக வரும் பெரியவர். மூவருக்கும் ஒரே வாசலைக் காட்டுவது பிழை.

சிறுவருக்கு முதலில் நகைச்சுவையைக் காட்டலாம். தன் நிழலைவிட விரைவாகச் சுடும் லக்கி லுக்கை 1946-ஆம் ஆண்டில் பெல்சிய ஓவியர் மோரிஸ் படைத்தார்; பின்னர்க் கோசினி அவருக்குக் கதை எழுதினார். தமிழில் நெடுங்காலமாக உலவும் இந்த நாயகன், சிரிக்கவைத்தே வாசிக்கவைப்பவன். அடுத்து டின்டின். பெல்சியரான எர்ஜே 1929-இல் உருவாக்கிய இந்த இளம் செய்தியாளனின் 'திபெத்தில் டின்டின்' அண்மை ஆண்டுகளில் சிவகாசியிலிருந்தே தமிழில் வந்துள்ளது. இக்கதையில் வில்லன் இல்லை. விமான விபத்தில் இறந்துவிட்டதாக எல்லோரும் நம்பும் நண்பனைத் தேடி, பனிமலை ஏறுகிறான் டின்டின். 'நண்பன் உயிரோடிருக்கிறான்' என்ற நம்பிக்கை ஒன்றே கதையை நடத்துகிறது. நட்பைப் பற்றிப் பாடம் நடத்தும் ஆசிரியர் பெருமக்கள் மாணவர் கையில் தரத்தக்க நூல் இது.

புதிதாக வரும் பெரியவருக்கு 'இரத்தப் படலம்' நல்ல நுழைவாயில். ழான் வான் ஹாம் எழுத, வில்லியம் வான்ஸ் வரைந்த இத்தொடர் பிரெஞ்சு மொழியில் 1984-இல் நூலாகத் தொடங்கியது. கடற்கரையில் குற்றுயிராய்க் கண்டெடுக்கப்படும் ஒருவன். நினைவு முற்றும் அழிந்தவன். உடலில் பதின்மூன்று என்னும் ரோமன் எண் பச்சை குத்தப்பட்டிருக்கிறது. தான் யார் என அவன் தேடப் புறப்படுகிறான். ஒவ்வொரு விடையும் வேறொரு பெயரை அவனுக்குச் சூட்டுகிறது. தமிழில் பகுதி பகுதியாக வந்த இக்கதை 2010-இல் பதினெட்டு பாகங்கள் கொண்ட ஒரே கருப்பு வெள்ளைத் தொகுப்பாகவும், 2018-இல் வண்ணத்திலும் வெளிவந்தது. நடுவில் ஒரு பாகத்தை எடுத்துப் படித்தால் தலைகால் புரியாது. முதலிலிருந்து தொடங்க வேண்டும். இத்தகைய செய்தியைச் சொல்வதே வழிகாட்டுதல் ஆகும். தொடர்கதையின் ஏழாம் பாகத்தை, 'புதிதாக வந்திருக்கிறது' என்பதற்காகவே முதல் வாசகரிடம் நீட்டுவது, கால்வாயின் நடுவே தள்ளிவிட்டு நீந்தச் சொல்வதற்கு ஒப்பாகும்.

இடர்

இரண்டாவது, இடர். மலைபடுகடாம் இங்கு நமக்கு ஆசான். நன்னனின் நாட்டுக்குச் செல்லும் கூத்தரிடம், பன்றிக்கு வைத்த பொறிகள், பாம்பு உறையும் இடங்கள், தினைப்புனம் காப்போர் வீசும் கவண்கல், வழுக்கும் நிலம் ஆகியவற்றை ஒன்றுவிடாமல் அப்பாட்டு எச்சரிக்கிறது. எச்சரித்ததால் நன்னன் புகழ் குறையவில்லை. வழிப்போக்கரின் நம்பிக்கையே வளர்ந்தது.

சித்திரக்கதையின் வழியிலும் பொறிகள் உள்ளன. லீ ஃபாக் 1936-இல் படைத்த வேதாளரைத் தமிழர் நெஞ்சார நேசித்தனர். ராணி காமிக்ஸில் அவரே முகமூடி வீரர் மாயாவி. ஆயினும் ஆப்பிரிக்கக் காட்டில் கறுப்பின மக்களுக்குக் காவல் தெய்வமாக வெள்ளையர் ஒருவரே தலைமுறை தலைமுறையாக அமர்ந்திருப்பது ஏன் என்ற வினாவை இன்றைய வாசகர் எழுப்பியாக வேண்டும். டின்டினின் தொடக்ககாலக் காங்கோ கதை ஆப்பிரிக்கரைத் தாழ்த்திக் காட்டியதற்காகக் கடும் கண்டனத்துக்கு உள்ளானது. நட்பின் உச்சத்தை வரைந்த அதே கைதான் அதையும் வரைந்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்பவரே நேர்மையான பரிந்துரையாளர்.

அமெரிக்க மேற்குக் கதைகளில் செவ்விந்தியர் பெரும்பாலும் சுடப்படுவதற்கென்றே தோன்றி மறைவர். இதற்கு மாறாக, 1948-இல் இத்தாலியில் போனெல்லியும் கலெப்பினியும் படைத்த டெக்ஸ் வில்லர், நவஹோ இனப் பெண்ணை மணந்து, அவ்வினத்தின் தலைவராகவே விளங்குகிறார். 1985 முதல் தமிழில் உலவும் 'இரவுக் கழுகார்' அவரே. அவர் கதைகளில் துப்பாக்கி மிகுதி. எனினும் அநீதி எந்தப் பக்கம் உள்ளது என்பதை நிறம் முடிவு செய்வதில்லை. இந்த வேறுபாட்டை எடுத்துச்சொன்னால் துப்பாக்கிக் கதையும் சிந்தனைக்கு இடமாகும்.

மற்றோர் இடர், பெண்கள் இல்லாமை. லயன் காமிக்ஸின் முதல் வெளியீடு 'கத்தி முனையில் மாடஸ்டி'. பீட்டர் ஓ'டோனல் 1963-இல் உருவாக்கிய மாடஸ்டி பிளைசி ஒரு வீராங்கனை. பெண்ணை முன்னிறுத்தித் தொடங்கிய இதழின் வரலாற்றிலும் பின்வந்த நாயகர்களுள் பெண்கள் அரிதாகவே உள்ளனர். வாசகியரும் அதனால் குறைந்தனரா, வாசகியர் குறைந்ததால் நாயகியர் குறைந்தனரா என்பது ஆராயத்தக்கது. 'காமிக்ஸ் ஆண்பிள்ளைகளுக்கு' என்று அண்ணன் கையில் தந்து தங்கைக்கு மறுக்கும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. அவ்வீடுகளுக்கு விடியல் பதிப்பகம் தமிழில் வெளியிட்ட, ஈரானியப் பெண்மணி மர்ஜானே சத்ரபியின் தன்வரலாற்றுச் சித்திரக்கதையைப் பரிந்துரைக்கலாம். புரட்சியும் போரும் சூழ்ந்த நாட்டில் வளரும் ஒரு சிறுமி, கேள்வி கேட்பதை நிறுத்த மறுக்கிறாள். வண்ணம் இல்லை, கருமையும் வெண்மையும் மட்டுமே. பதின்பருவத்தினர் முதல் யாவரும் படிக்கலாம். சிறை, சாவு ஆகிய செய்திகள் வருவதால் சிறு குழந்தைகளுக்கு உரியதன்று.

விலையும் ஓர் இடரே. ஒன்றரை ரூபாயில் தொடங்கிய பழக்கம் இன்று நூறு ரூபாயைத் தாண்டிய வண்ண நூல்களை எதிர்கொள்கிறது. குறைந்த படிகள் அச்சாகும் நூலுக்கு அவ்விலை தவிர்க்க முடியாததாக இருக்கலாம். ஆனால் கூலிவேலை செய்யும் பெற்றோரின் பிள்ளைக்கு அது ஒரு நாள் உணவுச் செலவு என்பதைப் பரிந்துரைப்பவர் மறந்துவிடலாகாது.

விருந்து

மூன்றாவது, விருந்து. இங்குக் கவிஞர்களோடு சிறிது தங்கிப் பேசலாம்.

சித்திரக்கதையின் உயிர் கட்டத்தில் இல்லை. இரு கட்டங்களுக்கு இடையேயுள்ள வெற்றிடத்தில் இருக்கிறது. முதற்கட்டத்தில் ஓங்கிய கை; அடுத்த கட்டத்தில் உடைந்த பானை. அடித்ததை ஓவியர் வரையவே இல்லை. அதை நிகழ்த்தியவர் வாசகர். சங்கப் பாடலின் உள்ளுறையும் இறைச்சியும் சொல்லாமல் விட்ட இடத்தில் பொருளை வைக்கின்றன. நிலத்தையும் விலங்கையும் காட்டிவிட்டுப் புலவர் விலகிக்கொள்கிறார். தலைவியின் துயரைப் படிப்பவர் தாமே சென்றடைகிறார். ஓவியமும் சொல்லும் ஒன்றையே திரும்பச் சொல்லும் சித்திரக்கதை தாழ்ந்தது. ஓவியம் ஒன்று சொல்ல, சொல் வேறொன்று சொல்ல, இரண்டுக்கும் நடுவே மூன்றாவது பொருள் பிறப்பது உயர்ந்தது. உவமையையும் பொருளையும் அடுத்தடுத்து விளக்கிச் சலிப்பூட்டும் கவிதைக்கும் இந்த அளவுகோல் பொருந்தும்.

மெய்ப்பாட்டியல் பயின்றோர்க்கு மற்றொரு விருந்தும் உண்டு. அச்சம், மருட்கை, வெகுளி, உவகை முதலிய உணர்ச்சிகள் உடலில் எவ்வாறு வெளிப்படுகின்றன என்று தொல்காப்பியர் நுணுகி ஆராய்ந்தார். நல்ல சித்திரக்கதை ஓவியர் ஒவ்வொரு கட்டத்திலும் செய்வது அதுவே. பிளாஸ்கோவின் கோடுகளில், உடலே தெரியாத மாயாவியின் கை ஒன்றே அஞ்சும், சினக்கும், தயங்கும். முகமின்றி மெய்ப்பாடு காட்டுவது எளிய செயலன்று.

கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய பொன்னியின் செல்வனை நிலா காமிக்ஸ் நிறுவனம் சித்திரக்கதையாக்கத் தொடங்கியது. வீராணம் ஏரிக்கரையும் தஞ்சைக் கோட்டையும் கோடிக்கரையும் கட்டங்களுக்குள் வந்துள்ளன. இவ்வூரிலிருந்து நெடுந்தொலைவில் இல்லாத அக்கடற்கரையைக் கதைக்களமாகக் காணும் சிறுவன், தன் மண்ணும் வரையத்தக்கது என உணர்வான். அயல்நாட்டுப் பாலைவனத்தையே கண்டு பழகிய தமிழ்ச் சித்திரக்கதைக்கு இது நல்ல தொடக்கம். தமிழில் மொழிபெயர்ப்பு மிகுந்து, சொந்தப் படைப்பு அருகிக் கிடப்பதே இத்துறையின் பெருங்குறை. அதைத் தீர்ப்பதில் இந்த அவையிலுள்ள கவிஞர்களுக்கும் பங்குண்டு. வரையத் தெரிந்த இளைஞர்கள் சிற்றூர்களில் இருக்கிறார்கள்; அவர்களுக்குக் கதை தருவார் இல்லை.

கொடுப்போர்

நான்காவது, கொடுப்போன். வள்ளலின் பெயரைச் சொல்லாத ஆற்றுப்படை இல்லை. நம் இரசிகர்களோ நாயகர் பெயரை நாற்பதாண்டு நினைவில் வைத்திருந்தும் படைத்தவர் பெயரை அறியாதிருந்தனர். குறை அவர்கள்மேல் இல்லை; முற்காலப் பதிப்புகள் பலவற்றில் எழுத்தாளர், ஓவியர் பெயர்கள் இடம்பெறவில்லை. சூப்பர்மேனைப் படைத்த இருவருள் ஒருவரான ஜெர்ரி சீகலே தமிழர் விரும்பிப் படித்த ஸ்பைடர் கதைகளில் பலவற்றை எழுதியவர் என்பது பலருக்கும் பின்னரே தெரியவந்தது. திருவாரூர் மண்டபத்தில் ஓவியர் தம் பெயரை எழுத முடிந்திருக்கிறது. அச்சுக் காலத்தில் அது மறைவானேன்? பரிந்துரைக்கும்போது கதை எழுதியவர், வரைந்தவர், தமிழாக்கியவர் என மூவரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது மரபாக வேண்டும். பிரெஞ்சு நாயகருக்குக் 'கேப்டன் டைகர்' என்றும் 'ரிப்போர்ட்டர் ஜானி' என்றும் தமிழ்ச் செவிக்கு இசைந்த பெயர் சூட்டியவர்கள் நம் நன்றிக்கு உரியவர்கள்.

பழைய இரசிகர்க்கு ஒரு சொல்

வாசகர் மூவகையினர் என்றதில் பழைய இரசிகரைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. இத்துறை இன்றளவும் வாழ்வது அவர்களால்தான். சந்தா கட்டுபவரும், கண்காட்சியில் முதல் நாளே வந்து நிற்பவரும், தவறு கண்டால் உரிமையோடு மடல் எழுதுபவரும் அவர்களே. அந்த அன்பே சில வேளைகளில் அணையாகவும் மாறுகிறது. 'மாயாவிபோல் வருமா?' என்ற வினாவோடு புதிய நூலைப் புரட்டாமலே வைத்துவிடுவது அவர்களிடம் காணப்படும் வழக்கம். பத்து வயதில் படித்த கதை இனிப்பதற்குக் கதை பாதிக் காரணம்; பத்து வயது மீதிக் காரணம். அந்த வயதை எந்த மறுபதிப்பும் திருப்பித் தராது.

மறுபதிப்பு வேண்டாம் என்பது பொருளன்று. புயலில் கூரை பறந்த வீடுகளில் நெல்லோடு தாளும் நனைந்தது. இழந்ததைத் திரும்பப் பெற விரும்புவது இயல்பு. ஆனால் பழையதையே கேட்கும் வாசகரோடு ஒரு பதிப்பகமும் மூப்படையும். பாதுகாப்புப் பெட்டியில் பூட்டி, பேரன் தொட்டால் மடிந்துவிடும் என்று அஞ்சிக் காக்கப்படும் நூல், சேர்க்கை நூலாக இருக்கலாம். வாசிப்பு நூலாக இல்லை. இன்று பத்து வயதில் இருக்கும் பிள்ளை, தமிழ் பேசுகிறான். தொலைபேசித் திரையில் தமிழைக் கேட்கிறான். ஆனால் ஒரு பக்கத்தைத் தடையின்றிப் படிக்கத் தடுமாறுகிறான். வகுப்பறை அறிந்த யாரும் இதை மறுக்கமாட்டார். அவனைக் கைபிடித்து இழுத்துச் செல்லும் ஆற்றல் படத்தோடு கூடிய கதைக்கு உண்டு. அடுத்த கட்டத்தில் என்ன நடக்கும் என்னும் ஆவல், எழுத்துக் கூட்டும் துன்பத்தை வெல்கிறது. அவனிடம் ஒரு புதிய நூலைச் சேர்ப்பதா, பெட்டியில் மற்றொரு மறுபதிப்பைச் சேர்ப்பதா என்பதே இரசிகர் முன்னுள்ள கேள்வி.

வட்டம் செய்யத்தக்கது

இதற்கு வழிகாட்டிய முன்னோர் காவிரி நாட்டிலேயே உண்டு. 1892-இல் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன், நூலக இயலுக்கு ஐந்து விதிகள் வகுத்து 1931-இல் வெளியிட்டார். வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் உண்டு என்றும், நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்றும் அவ்விதிகளுள் இரண்டு கூறுகின்றன. பரிந்துரை என்னும் பணியின் இலக்கணம் இவ்விரண்டில் அடங்கிவிடும். அதே 1931-இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளையின் முயற்சியால் மாட்டுவண்டியில் நடமாடும் நூலகம் புறப்பட்டது. நூலைத் தேடி ஊர் வரும் என்று அவர் காத்திருக்கவில்லை. ஊரைத் தேடி நூலை அனுப்பினார்.

வண்டியும் மாடும் இன்று வேண்டியதில்லை. மாதந்தோறும் கூட்டத்தின் முடிவில் பத்து நிமிடம் ஒதுக்கி, புதிதாக வந்த ஒரு சித்திரக்கதை நூலை உறுப்பினர் ஒருவர் அறிமுகம் செய்யலாம். வழி, இடர், விருந்து, கொடுப்போர் என்னும் நான்கையும் அவர் சொல்லட்டும். பிடிக்காத நூலைப் பிடிக்கவில்லை என்றே காரணத்தோடு சொல்லட்டும். பொதுவில் ஒரு படி வாங்கி, கூட்டத்துக்கு வரும் பிள்ளைகளிடம் முறை வைத்து அனுப்பலாம். படித்த பிள்ளை அடுத்த கூட்டத்தில் இரண்டு மணித்துளி அந்நூலைப் பற்றிப் பேசட்டும். பெண்பிள்ளைக்கு முதல் முறை தரலாம்.

முறைப்பாசனம் அறிந்த ஊர் இது. தலைமடைக்காரர் தம் வயல் நிறைந்ததும் மடையைத் திருப்பிவிடாவிட்டால் கடைமடையில் பயிர் கருகும் என்பதை இங்கு யாரும் ஏட்டில் படித்து அறிந்ததில்லை. படித்து முடித்த நூலும் அவ்வாறே. தம் வயல் நிறைந்தவர்கள் மடையைத் திருப்பிவிட வேண்டும்.